அம்பும் வழியும்

தமிழ் மகளின் வீரத்தைப் போற்றும் மேடைகளில், முறத்தால் புலியை விரட்டிய பெண் தவறாமல் வருவாள். கேட்போர் கைதட்டுவர், சொல்வோர் அதனைப் புறநானூற்றுக் காட்சி என்றும் உரைத்துவிடுவர். புறநானூற்றில் அக்காட்சி இல்லை. மக்கள் நாவில் வளர்ந்த இனிய கதை அது; அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், காட்டு விலங்கின் அண்டையில் வாழ்ந்த மக்களின் உள்ளத்தைச் சங்கப் புலவர் எங்ஙனம் பாடினர் என்பதை அக்கதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கானகம் சூழ்ந்த மைசூர் நாட்டில் வாழும் நமக்கு இது வெறும் பாட ஆராய்ச்சியாகத் தோன்றவில்லை.

புறப்பாட்டில் புலி பெரும்பாலும் உவமையாகவே வரும். காவற்பெண்டு பாடிய 86ஆம் பாட்டில், மகன் எங்கே என்று வினவியவளுக்கு விடை கூறும் தாய், தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகைக்கு ஒப்பிடுகிறாள். அங்கே புலி என்பது அவள் மகனின் மறம். குறிஞ்சித்திணைக்குள் நுழைந்தாலோ, அதே புலி வழியில் நிற்கும் விலங்காகிவிடுகிறது. இரவில் வரும் தலைவன் கையில் வேல் உண்டு. அவன் வரும் வழியை எண்ணித் தலைவியும் தோழியும் நடுங்குவதும் உண்டு. வேலைப் பாடிய புலவர் அந்நடுக்கத்தை ஏன் தீர்த்துவைக்கவில்லை? இவ்வினாவுக்குத் தெளிவான விடை குறிஞ்சிப்பாட்டில் இருக்கிறது.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என வழங்கும் இப்பாட்டு 261 அடிகளை உடையது. தோழி செவிலிக்கு உண்மையை உரைத்து அறத்தொடு நிற்பதாக அமைந்தது. மலர்ப் பட்டியலுக்காகவே பலரும் இதனை நினைவிற் கொள்கின்றனர். ஆனால் பாட்டின் இறுதியில் மற்றொரு பட்டியல் உண்டு. அதனை நாம் போதிய அளவு படித்ததில்லை.

தினைப்புனம் காக்கும் மகளிர் கையில் இருப்பவை தழல், தட்டை, குளிர் என்னும் கிளியோட்டும் கருவிகள். அவற்றால் கிளி அஞ்சும், யானை அஞ்சாது. மதங்கொண்ட களிறு ஒன்று சீறி வர, மகளிர் நடுங்கித் தலைவனை அணுகுகின்றனர். அவன் எய்த அம்பு களிற்றின் முகத்தில் ஆழ்கிறது. குருதி ஒழுக அது புறங்கொடுத்து ஓடுகிறது. வீரக்கதை மட்டுமே சொல்ல வந்த புலவர் இங்கே முடித்திருப்பார். கபிலர் முடிக்கவில்லை. அத்தலைவன் இரவிற் குறியிடம் நோக்கி வரத் தொடங்கியதும் தலைவியின் கண்ணீரும் தொடங்குகிறது. அவன் வழியில் புலி உண்டு, கரடி உண்டு, காட்டுப்பசு உண்டு, களிறு உண்டு, இரைதேடும் பாம்பு உண்டு, முதலை உண்டு. அவற்றோடு இடியும், வழிப்பறிப்போர் கொன்று குவிக்கும் இடமும், கால் வழுக்கும் நிலமும், வழி தடைப்படும் முடுக்கும் சேர்த்து எண்ணப்படுகின்றன.

இப்பட்டியலின் நுட்பம் இங்கேதான் உள்ளது. யானையைப் புறங்காட்டச் செய்த வில் இன்னும் தலைவனிடம் இருக்கிறது. ஆனால் வழுக்கு நிலத்தின்மேல் எந்த அம்பை எய்வது? விலங்கையும் இடியையும் சேற்றையும் ஒரே மூச்சில் அடுக்குவதன்மூலம், ஆபத்து என்பது விலங்கு மட்டுமன்று, இருளில் தனியே நடக்க நேரும் நிலையே என்று கபிலர் உணர்த்துகிறார். அம்பு, கண்ணுக்கு முன் வந்த ஒன்றுக்கு விடை. வழியோ கண்ணுக்குப் படாத பலவற்றால் ஆனது. அதனால்தான் தோழி கூரிய வேலொன்றை வேண்டவில்லை. மணம் முடித்து அவ்விரவு நடையையே நிறுத்த வழி தேடுகிறாள். துறையின் மரபென்று நாம் கடந்து செல்லும் இடத்தில் வாழ்வின் அறிவு ஒன்று இருக்கிறது.

கபிலர் பெயரால் கிடைத்த மற்றொரு சான்றும் இதற்குத் துணையாகிறது. புறநானூற்றின் 201, 202ஆம் பாட்டுகளில் இருங்கோவேளைப் புலிகடிமால் என அவர் விளிக்கிறார். பேலூரிலும் ஹளேபீடிலும் சளன் புலியோடு பொரும் சிற்பத்தைக் கண்டோர், அப்பெயரையும் ஹொய்சளர் கதையையும் ஆய்வாளர் சிலர் இணைத்துப் பார்த்ததை அறிவர். அவ்விணைப்பு நிற்குமா என்பது வேறு வழக்கு. நாம் கருத வேண்டியது இது: பாரியை இழந்த மகளிர் இருவரை ஏற்றுக்கொள்ளுமாறு கபிலர் வேண்டியபோது, புலிகடிந்த பெயருடைய அவன் மறுத்தான். புலியைக் கொன்ற புகழ் வேறு, நாடி வந்தோரைக் காக்கும் பண்பு வேறு என்பதைக் கபிலர் பட்டறிந்தார்.

இனி நம் ஊர்ப்புறத்துக்கு வருவோம். காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுர வட்டத்தில், 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2023 ஜனவரிக்குள் சிறுத்தை தாக்கி நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் வீட்டருகே இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி. விறகெடுக்க வெளியே வந்த முதியவள் ஒருத்தி. 11 வயதுச் சிறுவன் ஒருவன். எவரும் வேட்டைக்குப் போனவர் அல்லர். அத்தகைய நாட்களில் தடியோ அரிவாளோ இன்றி வயலுக்குச் செல்ல எவர் துணிவார்? அரிவாளை எடுத்தவரை நகைக்க நமக்கு உரிமையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

எனினும் சிறுத்தை எதிரே நின்று போர் தொடுப்பதன்று. ஓங்கி வளர்ந்த கரும்பில் பதுங்கியிருந்து, பின்னிருந்து பாய்ந்து கழுத்தைப் பற்றுவது. அரிவாள் உயர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். இருட்டுமுன் வீடு திரும்புதல், கூட்டமாகச் செல்லுதல், தெருவிளக்கு, வீட்டை ஒட்டிய கழிப்பிடம், விறகு தேடி வெளியே போக வேண்டாத அடுப்பு, வீட்டை நெருங்கிய புதரை அகற்றுதல் ஆகியவையே வழியை மாற்றுவன. தோழி கேட்டதும் இவ்வகைக் காவலையே.

குறிஞ்சிப்பாட்டிலும் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. அம்பு தைத்து ஓடிய களிறு என்ன ஆயிற்று என்று பாட்டு கேட்கவில்லை. காயமுற்ற விலங்கு காட்டுக்குள் மறைவதோடு கதை முடிவதில்லை. 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பர். பழைய துப்பாக்கிச் சூட்டால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. அது மனிதரைத் தின்னத் தொடங்கியதற்கு அக்காயமே காரணம் என்று அவர் கருதினார். ஒருவன் தன்னைக் காக்க எய்தது, மற்றொரு நாள் வேறொரு வழியில் நடப்பவளுக்குப் பகையாகலாம். கபிலரின் தலைவி அழும் வழியில் அக்களிறும் நின்றிருக்கக்கூடும். பாட்டு அதனைச் சொல்லாமல் விட்டது. படிக்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

வீரத்தை மட்டும் தேடிப் பழம்பாட்டைப் புரட்டுவோர் களிறு ஓடிய அடியோடு நூலை மூடிவிடுவர். கபிலர் அதற்குப் பின்னும் பாடினார். அப்பின்பகுதியே நம் காலத்துக்கு வேண்டியது. முறம் ஏந்தியவளைப் புகழும் மேடை, அவள் ஏன் தன்னந்தனியே புலிமுன் நிற்க நேர்ந்தது என்று கேட்பதில்லை. தோழியோ அதனையே கேட்டாள்.