கரிசலில் அச்சான தெய்வங்கள்

ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் புதுப்புனலுக்குப் படையல் வைக்கும் அதே நாளில், வானம் பார்த்த பூமியான சிவகாசியில் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அடுத்த ஆண்டுக்கான படங்களெல்லாம் அந்த ஆல்பத்தில் இருக்கும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்படுவார்கள். ஜவுளிக்கடை முதலாளி பக்கங்களைப் புரட்டி நம்பரைச் சொல்வார். பொங்கலுக்குள் அந்த முருகனோ லட்சுமியோ, காலடியில் கடைப்பெயரோடு, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். கேரளத்துக்குக் குருவாயூரப்பன், பஞ்சாபுக்கு குரு நானக், வேளாங்கண்ணி மாதா, மக்கா, நாகூர் தர்கா என எல்லாமே அந்த ஆல்பத்துக்குள் அடக்கம். மரபு ஒரு சமூகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்று கேட்பவர்கள் கோயிலையும் ஏட்டையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஆல்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தப் படங்களின் கதை சிவகாசியில் தொடங்கவில்லை. ஓவியர் ரவி வர்மா 1894இல் மும்பையில் லித்தோ அச்சகம் தொடங்கினார். பின்னர் அதை வாங்கிக்கொண்டவர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் கூடத்துச் சுவரோடு நிற்கவில்லை. சுவீடனும் ஜப்பானும் இந்தியச் சந்தைக்கு அனுப்பிய தீப்பெட்டிகளின் லேபிளிலும் அவற்றின் சாயல் ஏறியது. கடல் தாண்டிப் போன தெய்வம் அயல்நாட்டுச் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. 1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். மழை குறைந்த இந்தக் காற்று தீக்குச்சி மருந்துக்கும் தோதாக இருந்தது, தாளுக்கும் தோதாக இருந்தது. பட்டாசு பின்னால் வந்தது, காலண்டரும் அப்படியே.

படம் வரைய ஆள் பக்கத்திலேயே கிடைத்தார். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதப் போனார். 1940களில் கோவில்பட்டியில் தங்கி தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரைச் சுற்றி உருவானார்கள். இவர்கள் படங்களில் நாடகத் திரையின் பழக்கம் அப்படியே இருக்கும். பின்னால் தூணும் மண்டபமும் சிறுத்துக்கொண்டே போகும், பக்கத்தில் பட்டுத்திரை ஒதுங்கியிருக்கும், தெய்வம் மேடையில் நிற்கும் நடிகரைப் போல நேராக நம்மைப் பார்க்கும்.

இங்கே கடைக் கல்லாவுக்கு மேல் தொங்கும் கஜலட்சுமி படம் எதையாவது நின்று பாருங்கள். ரோஜா நிறத் தாமரை, இரு பக்கமும் துதிக்கை தூக்கிய யானை, உள்ளங்கையிலிருந்து கொட்டும் பொற்காசு. பின்னால் நீல ஏரி, அதற்கும் அப்பால் பனி போர்த்திய மலை. அந்த மலை எந்தத் தலபுராணத்திலும் இல்லை, திரைச்சீலையிலிருந்து வந்தது. முகம் வட்டம், உதட்டில் அரைச் சிரிப்பு, எந்த மூலையில் நின்றாலும் கண் நம் மேலேயே இருக்கும். லித்தோ ஆர்டிஸ்ட் வண்ணம் வண்ணமாகக் கையால் புள்ளி வைத்துப் பிரித்த காலத்தில், ஒரு தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் கண் மசமசத்துவிடும். கண் சரியாக விழுந்தால்தான் படம் போகும். கருவறையில் எண்ணெய் விளக்கில் பாதி தெரிந்த உருவத்தை, வாசல் வரைகூட வர விடாமல் தடுத்து வைக்கப்பட்டிருந்த மக்கள் தம் வீட்டுக்குள் பட்டப்பகலில் முகத்துக்கு நேராகப் பார்த்தார்கள். சிவகாசி நாடார்கள் கோயில் நுழைவுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோதல்களையும் வழக்குகளையும் சந்தித்தவர்கள். இந்த வரலாற்றை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதினார். கோயில் கதவு மூடியிருந்த ஊரிலிருந்து தெய்வப் படம் நாடெங்கும் போனதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

காலண்டர் படங்களை ஆராய்ந்து எழுதியவர்களில் கொண்டையராஜுவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் கனடாவின் ஸ்டீபன் இங்கிலிஸ். கிறிஸ்டோபர் பின்னி 2004இல் வெளியிட்ட நூலில், படத்தைப் பக்தர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, பொட்டு வைத்து, மாலை போட்டு, தொட்டு, உடம்பால் கொண்டாடுகிறார் என்று காட்டினார். பாரத மாதா வரைபடத்தோடு சேர்ந்து தெய்வமான கதையைச் சுமதி ராமசாமி எழுதினார். எனக்கு மிக நெருக்கமானது கஜ்ரி ஜெயினின் 2007ஆம் ஆண்டு நூல்தான். காலண்டர் விலைக்கு வாங்கும் பொருளல்ல, வியாபாரி வாடிக்கையாளருக்குத் தரும் அன்பளிப்பு, கடனும் நம்பிக்கையும் ஓடும் சந்தைப் பாதையில்தான் தெய்வமும் ஓடுகிறது என்பது அவர் வாதம். இந்தப் பகுதியில் பிறந்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த நூல்களின் நடுவில் ஓவியரும் முதலாளியும் இருக்கிறார்கள். தாள் அடுக்கிய பெண், மடித்து ஒட்டிய சிறுமி ஓரத்தில்தான் வருகிறார்கள். அவர்களைக் காட்டியது சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படமும்.

எவரும் போதிய அளவு பேசாத ஒன்று தேதித்தாள். திங்கட்கிழமைத் தாளைப் பார்த்தால் ராகு காலம் 7.30–9.00, எமகண்டம் 10.30–12.00, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். மூலையில் ஹிஜிரி தேதியும் இருக்கும். முன்பு பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்ததை இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பார்த்துவிடலாம். பிரதோஷமும் அட்சய திருதியையும் எல்லா வீட்டுப் பேச்சிலும் வந்ததில் இந்தச் சின்னத் தாளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். படம் தெய்வத்துக்கு ஒரே முகத்தைக் கொடுத்தது போலவே, தாள் நாளுக்கு ஒரே ஒழுங்கைக் கொடுத்தது. இதில் லாபம் மட்டுமில்லை. எல்லையில் நிற்கும் கருப்பனுக்கும் பீடமாக மட்டும் இருந்த அம்மனுக்கும் காலண்டர் முகம் வந்தபோது, ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு கரைந்தது.

தீபாவளியிலும் இதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் அது பெருவிழாவானதை விஜயநகர ஆட்சியோடு சேர்த்துப் பார்த்தார் ஆய்வாளர் தொ. பரமசிவன். நமக்கென்று இருந்த தீ விளையாட்டு கார்த்திகை மாவளி. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுற்றி, பனைமட்டையின் இடையில் கட்டிச் சுழற்றினால் தலையைச் சுற்றிப் பொறி வட்டம் எழும். காசு செலவில்லை. அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுப்பான். அதைப் பெட்டியில் போட முடியாது, லேபிள் ஒட்ட முடியாது, லாரியில் ஏற்ற முடியாது. பனை இருக்கும் ஊரோடு அது நின்றுவிட்டது. கம்பி மத்தாப்பும் சரவெடியும் பெட்டிக்குள் அடங்கின. பெட்டி மேல் நடிகர் படமோ லட்சுமியோ ஒட்டிக்கொண்டு டெல்லி வரை போனது. பண்டமாக முடிந்த வழக்கம் பரவுகிறது, முடியாதது பின்தங்குகிறது. எது உயர்ந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பட்டாசைப் பெட்டிக்குள் அடைப்பவர்கள் இருக்கும் ஊர்களில் ஒன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளம். இருக்கன்குடி மாரியம்மனை நம்பி வாழும் வட்டாரம் இது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊரே அங்கே திரளும். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது. இருபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்த ஆலைக்கும் அம்மன் பெயர்தான். 2012இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேரைப் பலிகொண்ட ஆலையின் பெயரும் சக்தியின் பெயரே. பண்பாட்டுப் பரவலைப் பற்றிய எந்த ஆய்வும் இந்த மரணங்களைத் தொழிலாளர் துறைக் கோப்புக்கு ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஒரு நாடு ஒரே இரவில் ஒரே மாதிரி ஒளியைக் கொண்டாட வேண்டுமென்றால், மருந்து செலுத்தும் அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். காலை வேனில் ஏறிப் போகும் பெண்ணும் அந்தக் கொண்டாட்டத்தை உருவாக்குகிறவர்தான், ஓவியருக்குக் குறைந்தவரல்ல.

காலண்டர் படங்களைப் பற்றிய முதன்மை ஆய்வு நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் லண்டனிலும் வெளியானவை. தமிழில் வர வேண்டியது மொழிபெயர்ப்பு மட்டுமில்லை. லித்தோ காலத்துப் புள்ளி வேலை தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். பழைய ஆல்பங்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவர்கள் பேச்சைப் பதிவு செய்யவும், ஆல்பங்களை ஆண்டுவாரியாகத் தொகுக்கவும், லேபிள் ஒட்டியவர்களையும் மருந்து செலுத்தியவர்களையும் அதே தொகுப்பில் பெயரோடு சேர்க்கவும் சிவகாசியிலோ சாத்தூரிலோ ஒரு காப்பகம் வேண்டும். விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இந்த வேலையை எடுத்துச் செய்யலாம். களம் அவர்கள் வாசலிலேயே இருக்கிறது.