மைனா வந்தாலும் வரலாம்: இரண்டு துருத்திப் பெட்டிகளுக்கான ஒரு படைப்பு

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1964ல் ஒரு படைப்பு எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'அக்கார்டியனுக்கும் பாண்டோனியனுக்குமான இருவர் இசை, மைனா ஆப்ளிகாட்டோ சேர்ந்தாலும் சேரலாம், சீசாப் பலகை வடிவம்'. முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். மூன்று வாரமாக அதைக் கேட்பதும் அதைப்பற்றிப் படிப்பதுமாக இருக்கிறேன். இப்போ அவ்வளவு சிரிப்பு வரலை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1964 மார்ச் கடைசியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சான்பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில், டேவிட் டியூடரை மையமாக வைத்து ஒரு விழா நடந்தது. டியூடர் யார்னு கேட்டால், ஜான் கேஜின் நாலு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி 'மௌன' இசையை 1952ல் முதலில் மேடையேற்றிய பியானோக்காரர். இந்தத் தடவை அவர் கையில் பாண்டோனியன், ஒலிவெரோஸ் கையில் அக்கார்டியன். எலிசபெத் ஹாரிஸ் வடிவமைத்த சீசாப் பலகையின் ஆளுக்கொரு முனையில் இருவரும் உட்கார்ந்து வாசித்தார்கள். நம்ம பார்க்கில் பிள்ளைகள் ஏறி ஆடும் அதே சீசாதான். மேலே ஒரு கூண்டு தொங்கியது. அதற்குள் அகமது என்கிற மைனா. ஒத்திகை நடந்த வீட்டில் வளர்ந்த பறவை அது. இவர்கள் வாசிக்க வாசிக்க அதுவும் குரல் கொடுக்கத் தொடங்கியதாம். சரி, இதையும் சேர்த்துக்கொள்வோம் என்று சேர்த்துவிட்டார்கள்.

அக்கார்டியன் நமக்குப் புதுசு இல்லை. மெல்லிசை மன்னர் பாட்டுகளில் மங்களமூர்த்தி வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுதான் நம்ம காது. 1829ல் வியன்னாவில் சிரில் டெமியான் அந்தப் பெயரில் உரிமம் வாங்கினார். பாண்டோனியன் அதற்குச் சித்தப்பா மகன் மாதிரி, ஜெர்மனியில் பிறந்து அர்ஜென்டினாவின் டேங்கோவுக்கு வாழ்க்கைப்பட்டது. நம்ம ஆர்மோனியமும் இதே குடும்பம்தான். ஒரு முனையில் அறைந்த உலோக நாக்கு, அதன்மேல் காற்றைத் தள்ளும் துருத்தி, அவ்வளவுதான் சங்கதி. நாக்கின் நீளமும் தடிமனும் சுருதியைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் இந்தப் பெட்டிகளில் கமகம் வராது. 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்கு அப்போது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 1971ல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

எங்க பெரியப்பா கூத்துக்குப் பெட்டி வாசித்தவர். கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் தீமிதித் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. முகவீணை, மத்தளம், தாளம், கூட இவர் பெட்டி. இப்போ பல இடத்தில் கீபோர்டு வந்துவிட்டது, அவர் பெட்டி பரண்மேல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை அவர் காதில் மாட்டி இந்தப் படைப்பைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ரெண்டு பெட்டி பேசுது. சரி, பாட்டுக்காரன் எங்கடா?"

"பாட்டுக்காரன் கிடையாது பெரியப்பா. ஒரு மைனா இருக்கு. அதுவும் பாடினா பாடும், இல்லன்னா இல்ல."

"அப்போ அந்தப் பட்சிதான் ஆட்டக்காரன். வேஷம் கட்டிக்கிட்டு வெளிய வர நேரமாச்சுன்னா நாங்க இப்படித்தான் வாசிச்சிக்கிட்டு இருப்போம்."

நான் படித்ததில் எதுவும் இந்த இடத்தைத் தொடவில்லை. பெட்டி என்பது எப்பவுமே பக்கவாத்தியம். இன்னொருத்தர் குரலுக்குக் கீழே பாய் விரிக்கிற வேலை. இந்தப் படைப்பில் இரண்டு பக்கவாத்தியங்களை எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, நடுவில் இருக்க வேண்டிய பாட்டுக்காரரை எடுத்துவிட்டார்கள். முணுமுணுக்க ஒரு மெட்டும் கிடைக்காது. எது அக்கார்டியன், எது பாண்டோனியன் என்று பல இடங்களில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரியாமல் இருப்பதுதான் இதன் ருசி என்று நாலாவது தடவை கேட்கும்போது பட்டது. ஒருத்தர் மூச்சு விட இன்னொருத்தர் இழுக்கிறார். சீசாவிலும் அதே கணக்குதான். ஒருத்தர் மேலே போக இன்னொருத்தர் கீழே வந்தாகணும். ஆகவே பலகை வெறும் வேடிக்கை இல்லை, துருத்தியின் வேலையையே உடம்பு அளவுக்குப் பெரிசாக்கிக் காட்டுகிறது.

இங்கேதான் என் முதல் குறை. விழாவின் பதிவுகள் 2014ல் வட்டுகளாக வந்தன. வட்டில் பலகை கண்ணுக்குத் தெரியாது. ஒலி மேலிருந்து கீழே வருவதும், ஒருத்தர் நம்மை நெருங்க இன்னொருத்தர் விலகுவதும் அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்திருக்கும். மத்தவங்களுக்குக் கிடைப்பது கல்யாணச் சாப்பாட்டைப்பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது மாதிரிதான்.

இரண்டாவது விஷயம் 'ஆப்ளிகாட்டோ'. மேற்கத்திய இசையில் இதற்குக் கட்டாயம், விட்டுவிடக்கூடாத பகுதி என்று பொருள். அதற்கு முன்னால் 'சேர்ந்தாலும் சேரலாம்' என்று போட்டால்? கட்டாயம் வரணும், வராட்டியும் பரவாயில்லை! ஒலிவெரோஸ் தெரிந்தேதான் இதைச் செய்திருக்கிறார். பறவை கத்தினால் அது இசை, கத்தாவிட்டால் அதன் மௌனமும் இசை. பின்னாளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'ஆழ்ந்து கேட்டல்' என்கிற கருத்துக்கு விதை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1988ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் நண்பர்களோடு இறங்கி வாசித்தார். உள்ளே ஒரு ஒலி எழுந்தால் அடங்க 45 விநாடி ஆகுமாம். அங்கே தொட்டி மூன்றாவது வாத்தியக்காரர், இங்கே மைனா.

ஆனா ஒரு கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கு. மைனாவுக்குப் பாடாமல் இருக்கச் சுதந்திரம் கொடுத்தார்கள். எழுந்து போகச் சுதந்திரம் கொடுத்தார்களா? பலகையில் இருந்த இரண்டு பேரும் வாசித்து முடித்ததும் இறங்கிப் போய்விடலாம். அகமது போக முடியாது. அமெரிக்க வீடுகளில் பேசுவதற்காக வளர்த்த மைனா பெரும்பாலும் மலைமைனாதான். அதன் காடு நம்ம பக்கம், இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது. இன்று இங்கே காட்டு மைனாவைப் பிடித்துக் கூண்டில் வைத்தால் 1972ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 1964ன் கலைஞர்களை இன்றைய சட்டத்தால் அளப்பது நியாயமில்லைதான். ஆனால் கேட்பதையே அறமாகச் சொல்லும் ஒரு படைப்பை, அது யாரைக் கேட்கவில்லை என்று கேட்பது நியாயம்.

இந்தியத் தொடர்பு பறவையோடு முடியவில்லை. அதே 1964ல் மெர்ஸ் கன்னிங்காம் நடனக் குழுவோடு டியூடர் இந்தியா வந்தார். 1969ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சின்தசைசரோடு வந்து மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அந்த நாடாக்கள் வெகுகாலம் தூங்கி, 2023ல்தான் தொகுப்பாக வெளிவந்தன. அக்கார்டியனில் கமகம் இல்லையே என்று நாம் கவலைப்பட்ட காலத்தில், வேறு சிலர் இப்படியும் யோசித்திருக்கிறார்கள்.

மொத்தத்தில் இது கேட்க வேண்டிய படைப்பா? ஆமாம் என்பேன். கூண்டு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். தலைப்பிலேயே ஒரு பறவைக்கு இடம் கொடுத்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க ஊர்க் கூத்து நோட்டீசில் பெட்டிக்காரர் பெயர் கடைசி வரியில் வரும், சில வருடம் அதுவும் வராது. பெரியப்பா அதைப்பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

ஹெட்போனைக் கழட்டிக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். கூத்து முடியும்போது விடிந்துவிடும். கடைசிக் கட்டத்தில் ஆட்டக்காரருக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும். சுதியை இவர்தான் இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருப்பார். சரியா அந்த நேரத்தில் கோயில் மரத்தில் நாகணவாய்கள் கூட்டமாகக் கத்த ஆரம்பிக்குமாம்.

"அதுங்க சத்தம் அடங்கட்டும்னு ரெண்டு சுத்து கூட வாசிப்பேன். யாருக்கும் தெரியாது."

மேலே கூண்டு இல்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.