மதகுப் பலகை

ஈரநிலக் கல்வி மையம் என்றதும் விளக்கப் பலகைகளும் தொலைநோக்கியும் பள்ளிப் பேருந்தும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஹாங்காங்கின் மாய் போ காப்பிடத்தில் உள்ள மதகு.

1940களில் இறால் வளர்க்க அங்கே வெட்டிய குளங்களுக்கு 'கெய் வாய்' என்று பெயர். சுற்றிலும் கரை, உள்ளே அலையாத்தியும் நாணலும், கடலைப் பார்த்து ஒரு மதகு. ஓதம் ஏறும்போது திறந்தால் இறால் குஞ்சுகள் நீரோடு உள்ளே வந்துவிடும். உதிர்ந்த இலை மக்கியதைத் தின்று வளரும். நீர் வடியும் இரவில் மதகில் வலை கட்டினால் அறுவடை. தீவனம் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

1983 முதல் உலக இயற்கை நிதியத்தின் ஹாங்காங் கிளை இந்தக் காப்பிடத்தைப் பராமரிக்கிறது. குளிர்காலத்தில் குளங்களை முறைவைத்து ஒவ்வொன்றாக வடிப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வடித்தால் பறவைகளின் விருந்து சில நாளில் தீர்ந்துவிடுமே. விலைபோகாத சிறு மீன்கள் சேற்று நீரில் துள்ளும். கொக்குகள் முதலில் இறங்கும். பின்னால் வரும் கருமுகக் கரண்டிவாயன். அலகைச் சற்றே திறந்து நீருக்குள் விட்டு, இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் பட்ட கணம் அலகு மூடும். கண்ணை நம்பாத வேட்டை அது. அதன் கால் எட்டாத ஆழத்தில் எத்தனை மீன் இருந்தும் பயனில்லை.

ஆகவே நீர்மட்டத்தைக் குறைக்க மதகில் எத்தனை பலகையைக் கழற்றுவது என்பதுதான் அங்கே அன்றாடக் கேள்வி. மறைகுடிலின் பிளவு வழியே பறவைகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பலகைகளையும் காட்ட வேண்டும்.