ராஜராஜப் பாண்டி நாடு

2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தது; அதே ஆண்டு ராஜராஜ சோழனின் பிறந்த நாளான ஐப்பசிச் சதய விழா அரசு விழாவாகவும் அறிவிக்கப்பட்டது. அது முதல் ராஜராஜனைப் போற்றும் மேடைகளுக்குக் குறைவில்லை. 'வாளால் வென்றதை நிர்வாகத்தால் நிலைநிறுத்திய பேரரசன்' என்பதே அந்தப் பேச்சுகளின் சாரம். நம் விருதுநகர் மாவட்டத்திலும் இதே பேச்சுத்தான்.

நில அளவை, 1010இல் முடிந்த பெரிய கோயில், ஆட்சிச் செய்தியைக் கல்வெட்டுதோறும் தலைப்பில் வைத்த மெய்க்கீர்த்தி எல்லாமே பெரும் சாதனைகள். இவற்றில் எனக்கு மறுப்பில்லை. 'நிலைநிறுத்தினான்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வைகைக்குத் தெற்கே நின்று பாருங்கள். சோழர் கல்வெட்டுகளில் பாண்டி நாடு தன் பெயரை இழந்து 'ராஜராஜ மண்டலம்' ஆனது, 'ராஜராஜப் பாண்டி நாடு' ஆனது. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து பெரிய கோயிலுக்குப் பொன் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. தோற்றவனின் செல்வம் வென்றவனின் பக்தியாயிற்று. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் மதுரையில் மாளிகை எழுப்பி, தன் மகனையே 'சோழ பாண்டியன்' என்று அமர்த்தினான். உள்ளூர் மக்கள் மனமொப்பி ஏற்ற ஆட்சிக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

பிறகு நடந்ததைப் பாருங்கள். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் காலத்தில் மூன்று பாண்டியர் கிளர்ந்தார்கள். மானாபரணன் தலையை இழந்தான், வீரகேரளன் யானைக்காலில் மடிந்தான், சுந்தரபாண்டியன் முல்லையூருக்கு விரட்டப்பட்டான். முதற் குலோத்துங்கன் ஐந்து பாண்டியரோடு மறுபடி போரிட வேண்டியிருந்தது. மூன்றாம் குலோத்துங்கனும் படையோடு மதுரைக்கு வந்தான். தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வெல்ல வேண்டியிருந்த நாட்டை 'நிலைபெற்றது' என்று சொல்வது வரலாறாகாது. அது மெய்க்கீர்த்தியைத் திருப்பிச் சொல்வதுதான். மெய்க்கீர்த்தி அரசன் தன்னைப் பற்றித் தானே வெளியிட்ட அறிவிப்பு. ஆயிரம் ஆண்டு கழித்தும் அதையே சான்றிதழாக நீட்டும் அறிஞர்கள் மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது.

எதிர்க்குரல் கிடைக்காமலும் இல்லை. திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் கோயிலில், ராஜராஜனுக்கு ஒரு தலைமுறை முந்திய வீரபாண்டியனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 'சோழன் தலைகொண்ட' என்பது அவற்றில் அவன் பட்டம். இவனைக் கொன்றுதான் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் 'பாண்டியன் தலைகொண்ட' பட்டம் சூடினான். திரையில் நாம் கண்டது இதில் ஒரு பக்கம் மட்டுமே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, சோழர் மண்ணிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டதும் இதே கணக்கின் தொடர்ச்சி. அந்தத் தீயையும் நான் போற்றவில்லை.

விருதுநகர் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சதய விழாவுக்கு முன் பிள்ளைகளைப் பள்ளிமடத்துக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கல்வெட்டுகளை அங்கேயே நின்று வாசித்துக் காட்டுங்கள்.