நியூயோர்க் நகர முத்திரையும் அது கூறாத வரலாறும்

முத்திரை என்பது ஆவணத்தின் மெய்ம்மைக்குச் சான்று பகர்வது. ஓர் அரசோ நகரமோ தன் சொல்லைத் தன்னதே என உறுதிப்படுத்துதற்கு அதனைப் பொறிக்கின்றது. ஆயின், பிறவற்றுக்குச் சான்றாக நிற்கும் அம்முத்திரை தன்னைப் பற்றி யாது கூறுகின்றது, அக்கூற்று மெய்தானா என்று வினாவுவோர் சிலரே. உலகப் பெருநகரங்களுள் ஒன்றாகிய நியூயோர்க்கின் முத்திரையை எடுத்து இவ்வினாவை எழுப்புதல் பயனுடைத்து.

முதற்கண் அதன் அமைப்பை நோக்குவாம். நடுவே ஒரு கேடயம். அதன்மீது காற்றாலையொன்றின் சிறகுகள் நான்கு பெருக்கற்குறிபோற் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. சிறகுகளின் இடைவெளியில், மேலும் கீழும் பீவர் எனப்படும் விலங்குகள் இரண்டு. இரு மருங்கும் மாப் பீப்பாய்கள் இரண்டு. கேடயத்தின் ஒருபுறம் ஐரோப்பிய மாலுமி. மறுபுறம் மன்ஹற்றன் தீவின் பழங்குடி மகன். மேலே, அரைக்கோளத்தின்மீது சிறகு விரித்த கழுகு. கீழே 1625 என்னும் ஆண்டு. 'நியூயோர்க் நகரத்தின் முத்திரை' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகமும் உண்டு.

பீவர், மரங்களைக் கொறித்து வீழ்த்தி ஓடைகளுக்கு அணைகட்டி வாழும் விலங்கு. அதன் தோலை நாடியே ஒல்லாந்தர் அங்குக் குடியேறினர். யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. மன்ஹற்றனில் ஊர் சமைத்தது, 1621 இல் நிறுவப்பெற்ற அவர்தம் மேற்கிந்தியக் கம்பனி. 1626 ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் சேர்ந்த ஒரு கப்பலில் 7,246 பீவர்த் தோல்கள் இருந்தனவென்று அவ்வாண்டுக் கடிதமொன்று கூறுகின்றது. மன்ஹற்றன் தீவு 60 கில்டர் பெறுமதிக்குப் பழங்குடியினரிடமிருந்து வாங்கப்பட்டதென்னும் செய்தியும் அக்கடிதத்திலேயே காணப்படுகின்றது. தோற் கணக்கும் நிலக் கணக்கும் ஒரே தாளில் அடங்கின.

காற்றாலைச் சிறகு ஒல்லாந்தரை நினைவூட்டுவது. மாப் பீப்பாயோ ஆங்கிலேயர் காலத்தது. 1664 இல் அவர்கள் நகரைக் கைப்பற்றிய பின்னர், மாவைச் சலித்து ஏற்றுமதிக்குப் பொதிசெய்யும் தனியுரிமை நகரத்தாருக்கு அளிக்கப்பட்டது. 1694 இல் அது நீக்கப்படுமுன்னர் நகரம் பெரிதும் செழித்தது. 1686 ஆம் ஆண்டு முத்திரையிற் பீப்பாய்கள் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே. அம்முத்திரையின் உச்சியில் அன்று அரச முடி இருந்தது; விடுதலைப் போரின் பின், 1784 இல், அம்முடி போய்க் கழுகு வந்தமர்ந்தது. கேடயமோ மாறவில்லை. ஆட்சி மாறினும் வாணிகமே நகரத்தின் உயிர் என்பதனை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

இதுகாறும் முத்திரை கூறுவது மெய்யே. இனி ஆராய்தற்குரியன மூன்று.

முதலாவது, இரு மாந்தர். மாலுமியின் கையில் நீரின் ஆழம் அளக்கும் ஈயக்குண்டு தொங்குகின்றது; பழங்குடி மகன் வில்லொன்றைத் தாங்கி நிற்கின்றான். இருவரும் ஒரே வாகைக் கிளைமீது சரிநிகராக நிற்கின்றனர். காண்போர் இருவரையும் பங்காளிகளெனவே கொள்வர். ஆனால் 1643 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து இரவொன்றில், அடைக்கலம் புகுந்திருந்த பழங்குடியினரை ஆளுநர் கீஃப்ற்றின் ஆணைப்படி ஒல்லாந்தப் படையினர் கொன்று குவித்தனர். முத்திரையில் நிலைபெற்ற அவ்வினத்தார் தம் மண்ணில் நிலைபெறவில்லை. சித்திரத்துச் சமத்துவம் வாழ்வின் சமத்துவத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது, ஆண்டு. 1915 இல் இம்முத்திரை திருத்தி வரையப்பட்டபோது 1664 என்றே பொறிக்கப்பட்டது. 1970களில், அயர்லாந்திற் பிறந்தவரும் அந்நாளில் நகரசபைத் தலைவராய் இருந்தவருமான போல் ஓ'டுவையரின் முயற்சியால் அது 1625 ஆயிற்று. ஆங்கிலேயர் கைப்பற்றிய நாளையே நகரத்தின் பிறந்தநாளாகக் கொள்ளுதல் தகாதென்னும் உணர்ச்சி நியாயமானதே. எனினும், 1625 இல் அங்கிருந்தது கம்பனியின் குடியிருப்பு. நகராட்சி உரிமை அதற்கு 1653 இலேயே கிடைத்தது. யோர்க் கோமகனின் பெயரை அது தாங்கியதோ 1664 இல். ஆகவே பெயர் ஓர் ஆட்சியையும் ஆண்டு மற்றோர் ஆட்சியையும் சுட்ட, ஒரே முத்திரை தன்னோடு தானே முரணி நிற்கின்றது. ஒல்லாந்தரை நினைத்தற்குக் காற்றாலைச் சிறகு போதாதா?

மூன்றாவதே தலையாயது, அது முத்திரையில் இல்லாதது. 1620களிலேயே ஆபிரிக்கர் அடிமைகளாக அங்குக் கொண்டுவரப்பட்டனர். 1711 இல் வோல் வீதியில் அடிமைச் சந்தை முறைப்படி நிறுவப்பட்டது. அந்த மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது 1827 இலேயே. பீப்பாய்க்கு இடமளித்த கேடயம் அதனைச் சுமந்த தோளுக்கு இடமளிக்கவில்லை. 1991 இல் கீழ் மன்ஹற்றனில் அரசாங்கக் கட்டடமொன்றுக்கு நிலம் அகழ்ந்தபோது ஆபிரிக்கரின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் அங்கு எடுக்கப்பட்டன. முத்திரை மறந்ததை மண் மறக்கவில்லை.

முத்திரை வரலாற்று நூலன்று, சிறு வட்டத்தில் எல்லாவற்றையும் அடக்குதல் இயலாதே எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆயின், இடம் சிறிதாகுந்தோறும் தெரிவு பெரிதாகின்றது. நான்கு பொருள்களுக்கே இடமுள்ளவிடத்து எந்த நான்கினைத் தெரிந்தோம் என்பது நம் மதிப்பீட்டின் அளவுகோலாகும். இந்நகரம் தன் செல்வத்தைத் தெரிந்தது. செல்வத்தின் விலையைத் தெரிந்திலது.

இதனால் முத்திரையை அழித்து எழுதவேண்டுமென்பது எம் கருத்தன்று. ஆண்டை மாற்றியதனால் விளைந்த முரண்பாடே அத்தகைய திருத்தத்தின் இடரைக் காட்டும். வேண்டுவது திருத்தமன்று, கல்வி. முத்திரையில் உள்ளதனோடு இல்லாததனையும் சேர்த்து ஓதப் பயிலுதல் வேண்டும். அங்ஙனம் ஓதுவார்க்கே அது முழுச் சான்றாகும். ஏனையோர்க்கு அழகிய படமாகவே அமையும்.