பேபி (ஜஸ்டின் பீபர் பாடல்): ஒரு விமர்சனம்

'பேபி' கனடாவைச் சேர்ந்த ஜஸ்டின் பீபர் பாடி, 2010 ஜனவரி 18 அன்று வெளிவந்த பாப் பாடல். 'மை வேர்ல்ட் 2.0' தொகுப்பில் இடம்பெற்றது. அப்போது பீபருக்கு வயது 15. அமெரிக்க ராப் பாடகர் லூடக்ரிஸ் இதில் விருந்தினராக ஒரு பகுதியைப் பாடியிருக்கிறார். பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. ஆனால் பலருக்கு இது நினைவிருப்பது யூடியூபில் அது சம்பாதித்த வெறுப்பால்தான். அந்த வெறுப்பு பாடலைக் கேட்டு எழுந்ததுதானா என்று கேட்க இடமிருக்கிறது.

இசையில் புதுமை எதுவும் இல்லை. பழமைதான் இதன் பலம். மேற்கத்திய இசையில் 'கார்ட்' எனப்படும் சுரக்கூட்டுகள் நான்கு, ஒரே வரிசையில் சுற்றி வருகின்றன. 1950களின் டூ-வாப் குழுக்களுக்குப் பழகிய வரிசை அது. பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' (1961) பாடலும் அதே வரிசையில் அமைந்ததே. குரல் உடையாத சிறுவன் காதலைப் பாடுவதும் புதிதல்ல. 1956இல் ஃபிராங்கி லைமன் தன் 13 வயதில் அப்படிப் பாடித்தான் புகழ்பெற்றார்.

பல்லவியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைச் சொல் வறுமை என்று கேலி செய்தவர்கள் பலர். பாடலின் உருவாக்கத்தில் பங்குகொண்ட ட்ரிக்கி ஸ்டூவர்ட், தி-ட்ரீம் இருவரும் ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' (2007) பாடலிலும் பணியாற்றியவர்கள். சொல்லின் அசையை உடைத்து, பொருள் உதிரும்வரை திருப்பிச் சொல்லவைக்கும் உத்தி அங்கேயே உண்டு. இங்கே அதற்குக் கூடுதலாக ஒரு நியாயமும் இருக்கிறது. சரணங்களில் சிறுவன் பேரம் பேசுகிறான். எதை வேண்டுமானாலும் வாங்கித் தருவதாக, மோதிரம்கூடத் தருவதாகச் சொல்கிறான். பல்லவிக்கு வரும்போது பேரம் தீர்ந்துபோய் வெறும் விளி மட்டும் மிஞ்சுகிறது.

லூடக்ரிஸ் 1977இல் பிறந்தவர். பதின்வயதினர் பாடலுக்குத் தெருவின் மதிப்பைச் சேர்க்க வைத்த வியாபார ஒட்டு என்றே அவரது பகுதியைச் சொல்வார்கள். வியாபாரம் உண்டுதான். ஒரு காப்பிக் கடையின் பெயரை எதுகைக்காக இழுத்து வந்திருப்பது சகிக்கவும் இல்லை. ஆயினும் 32 வயதுக்காரர் தன் இன்றைய காதலைப் பாடவில்லை. 13 வயதில் வந்த முதல் காதலை, தெருவிலும் பள்ளி மைதானத்திலும் படபடத்த நெஞ்சை நினைத்துப் பார்க்கிறார். உலகமே முடிந்தது என்று அழும் பையனின் பக்கத்தில், அதைக் கடந்து வந்த ஒருவர் வந்து நிற்கிறார். பாடலில் காலம் என்ற ஒன்று நுழைவது அங்கே மட்டும்தான். குறை என்னவென்றால், அவர் பேசி முடித்ததும் பல்லவி எந்த மாற்றமுமின்றித் திரும்புகிறது. அவர் சொன்னது பையன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

2010 ஜூலையில் லேடி காகாவின் 'பேட் ரொமான்ஸ்' பாடலை முந்தி, யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்ட காணொளியானது 'பேபி'. 2012இல் 'கங்னம் ஸ்டைல்' அதை முந்தியது. 'பிடிக்கவில்லை' என்ற பொத்தானின் சாதனையோ 2018 டிசம்பர் வரை நீடித்தது. அந்தக் கேலியில் பெரும்பகுதி சுரத்தையோ தாளத்தையோ தொடவில்லை. பெண் குரல்போல் ஒலித்த பையனையும், அவனை விரும்பிய சிறுமிகளையும்தான் தொட்டது. சிறுமிகளுக்குப் பிடித்தது எதுவும் இசையாக இருக்க முடியாது என்ற பழைய எண்ணம் அதில் இருந்தது.

அவர்கள் கேலி செய்த குரலும் நீடிக்கவில்லை. பாடல் வெளிவந்த சில மாதங்களிலேயே பீபரின் குரல் உடையத் தொடங்கி, மேடையில் இதைச் சுருதி இறக்கிப் பாட வேண்டியதாயிற்று.