சாரம் பிரித்த பின்

தமிழில் கான்கிரீட் என்பது பெரும்பாலும் ஒரு வசவு. 'கான்கிரீட் காடு' என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். ஈரமில்லாத நகரம், வெட்டப்பட்ட மரம், திரும்பிப் போக முடியாத ஊர் எல்லாம் அந்த ரெண்டு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி எழுதுகிறவரின் தலைக்கு மேலும் ஒரு கான்கிரீட் தளம்தான் இருக்கும். மழைக்கு ஒழுகாத தளம்.

எந்த வருஷம் கீற்று மாற்ற வேண்டும், கோடையில் எந்தத் தெருவில் தீப்பிடிக்கும் என்று பயந்துகொண்டே வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். அவர்கள் வீட்டில் 'தளம் போட்டாச்சு' என்பது ஒரு தலைமுறையின் செய்தி. 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது கொடுத்த வாக்குறுதியும் சுருக்கமாக இதுதான்: கீற்றுக்குப் பதில் தளம். அந்த அடுக்ககங்கள் பிறகு என்ன ஆயின, யாரை ஊருக்கு வெளியே தள்ளின என்பது தனிக்கதை. ஆனால் கீற்றின் அழகைப் பற்றி உருகுகிறவர்கள் அதற்கடியில் தூங்கியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுபக்கம் இன்ஸ்டாகிராம். அங்கே கான்கிரீட் ஒரு காதல். சோவியத் காலத்துப் பேருந்து நிறுத்தம், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வளைந்த மாடிப்படி, கூர்மையான நிழல், ஓரத்தில் துளியூண்டு மனிதன். 'புரூட்டலிசம்' என்று ஒரு ஹேஷ்டேக். சும்மா சொல்லக்கூடாது, படங்கள் பிரமாதமாக இருக்கும். பத்துப் படம் தள்ளிப் பார்த்தால்தான் எல்லாமே ஒரே படம் என்பது உறைக்கும்.

வசவு, காதல் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. கான்கிரீட்டை யார் போட்டார்கள், அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று இரண்டுமே கேட்பதில்லை. இப்போது உலக அளவில் சிமெண்ட் நிறுவனங்களின் கூட்டமைப்பே அன்றாட வாழ்வில் கான்கிரீட் என்று புகைப்படப் போட்டி நடத்துகிறது. கான்கிரீட்டின் அழகையும் பயனையும் காட்டுங்கள் என்கிறார்கள். விற்கிறவர்கள் கேட்பதால் கேள்வி தப்பாகிவிடாது. ஒரு படத்தில் அழகையும் பயனையும் சேர்த்துக் காட்ட முடியுமா? இதற்கு முன் எடுத்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்?

லூசியான் ஹெர்வேயிலிருந்து தொடங்கலாம். ஹங்கேரியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்தவர். 1949-ல் மார்செய் நகரில் லெ கார்பூசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பைப் பார்க்கப் போய், ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அதைப் பார்த்த லெ கார்பூசியே அவரைத் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டார். 1965-ல் லெ கார்பூசியே இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. நவீனக் கட்டடக்கலை என்றதும் நம் மனதில் வரும் கறுப்பு வெள்ளைப் பிம்பங்களில் பாதி ஹெர்வே கொடுத்தவை. சண்டிகரையும் அவர் எடுத்தார். கத்தரிக்கோல் வைத்துப் படங்களை வெட்டுவார். வானம் வேண்டாமா, வெட்டு. தரை வேண்டாமா, வெட்டு. மிஞ்சுவது சுவரின் சொரசொரப்பும் அதன்மேல் விழும் நிழலும்தான்.

அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வந்தது? பலகையிலிருந்து. லெ கார்பூசியே பூசாத கான்கிரீட்டை அப்படியே விட்டார். சென்ட்ரிங் பலகையைப் பிரித்த பிறகு மரத்தின் ரேகை, ஆணித் தடம், ரெண்டு பலகை சேர்ந்த இடத்தில் பிதுங்கிய விளிம்பு எல்லாம் சுவரிலேயே நிற்கும். யோசித்துப் பார்த்தால் கான்கிரீட்டே ஒரு வகையில் புகைப்படம். பலகை நெகட்டிவ், சுவர் பிரிண்ட். பலகை போய்விடும், பதிந்தது இருக்கும். ஹெர்வே எடுத்தது பதிவின் பதிவு. அதனால்தான் அவர் படங்களில் கான்கிரீட் தோல் மாதிரி தெரிகிறது. விரல் வைத்தால் உறுத்தும் போல.

ஆனால் பலகை அடித்த கை? ஹெர்வேயின் புகழ்பெற்ற படங்களில் மனிதர் வருவதுண்டு. பெரும்பாலும் அளவு காட்டத்தான் வருவார். இந்தத் தூண் எவ்வளவு உயரம் தெரியுமா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

சண்டிகரையே வேறு கண்ணால் பார்த்தவர் சுவிஸ் நாட்டு எர்ன்ஸ்ட் ஷைடெக்கர். 1956-ல் அவர் அங்கே எடுத்தவை நகரம் முளைத்துக்கொண்டிருந்த காலத்துப் படங்கள். அவற்றில் கட்டடத்தோடு சேர்த்து அதைக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சண்டிகர் தலைமைச் செயலக வளாகத்தின் கான்கிரீட்டில் பெரும்பங்கு மனிதத் தலைமேல், அதிலும் பெண்களின் தலைமேல் ஏறிப்போனது. நம்மூரில் சித்தாள் என்கிறோமே, அவர்கள். ஷைடெக்கரின் இந்தப் படங்கள் தனிப் புத்தகமாக வந்தது 2010-ல். எடுத்து 54 வருஷம் கழித்து. ஹெர்வேயின் நிழல்கள் உடனே உலகம் சுற்றின, சித்தாள்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். இதற்கு ஹெர்வேயைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட்டின் அழகு என்றால் சாரம் பிரித்த பிறகு இருப்பது என்று பார்க்கிற எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததன் விளைவு அது.

டெல்லிக்கு வருவோம். பிரகதி மைதானத்தில் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்று ஒரு கண்காட்சிக்கூடம் இருந்தது. 1972-ல், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் தூணே இல்லாமல் முக்கோணங்களைக் கோத்து எழுப்பிய கூடு. வேறு நாடாக இருந்தால் எஃகுக் குழாயில் செய்திருப்பார்கள். இங்கே அன்றைக்கு எஃகு கட்டுப்படியாகாது, ஆனால் வேலை செய்யக் கைகள் உண்டு. எனவே இணைப்பு இணைப்பாகக் கம்பி கட்டி, பலகை அடித்து, அந்தரத்தில் கான்கிரீட் ஊற்றினார்கள். அந்த வடிவத்தின் அழகுக்குள் ஒரு ஏழை நாட்டின் கணக்கு இருந்தது.

மதன் மகத்தா அந்தக் காலத்து டெல்லியின் நவீனக் கட்டடங்களை ஊன்றி எடுத்தவர். கன்னாட் பிளேஸில் ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பம். கட்டடக் கலைஞர்கள் கூப்பிட்டுப் போய் எடுத்துக்கொடுத்த, கூலிக்குச் செய்த வேலை. கலை என்று யாரும் சொல்லவில்லை. பிறகு 2012-ல்தான் ராம் ரஹ்மான் அவற்றைத் தொகுத்துக் கண்காட்சியாக வைத்தார். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' இடிக்கப்பட்டது. 60 வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகப் பார்க்க முடியாது என்றார்கள். அதற்கு வயது 45. 2022-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியாவின் விடுதலைக்குப் பிந்தைய கட்டடக்கலை பற்றிக் கண்காட்சி வைத்தபோது இந்தக் கூடமும் அங்கே இருந்தது, படமாகவும் மாதிரியாகவும்.

கல்லைவிடக் கெட்டி என்று நாம் நம்பும் பொருள் ஒரே ராத்திரியில் போய், காகிதம் மிஞ்சிவிட்டது. கான்கிரீட்டைப் புகைப்படம் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக இன்னொன்று இருக்கிறது. அந்தக் கூடத்தைக் காப்பாற்றச் சொல்லி வாதாடியவர்கள் அதன் அழகைத்தான் முன்வைத்தார்கள். ஆனால் அதற்குள் புத்தகக் கண்காட்சி நடந்திருக்கிறது. ஜனங்கள் மூட்டையோடு வந்து, தரையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் படங்கள் குடும்ப ஆல்பங்களில் கிடக்கும், அருங்காட்சியகத்துக்கு வராது. அழகு ஒரு அலமாரியிலும் பயன் வேறொரு அலமாரியிலும் இருந்தால் ரெண்டையுமே இடிப்பது சுலபம்.

அழகையும் பயனையும் ஒன்றாக வைக்க முயன்றவர்கள் என்று ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஷர் தம்பதியைச் சொல்லலாம். 1959 முதல் தண்ணீர்த் தொட்டி, குளிர்விப்புக் கோபுரம், சுரங்கக் கோபுரம் என்று யாரும் திரும்பிப் பார்க்காதவற்றை எடுத்தார்கள். மேகமூட்டமான வானம், நேர்முகம், நிழல் இல்லை, ஆள் இல்லை. ஒரே வகைத் தொட்டிகளை ஒன்பதோ பன்னிரண்டோ வரிசையாக மாட்டுவார்கள். 'அநாமதேயச் சிற்பங்கள்' என்று 1970-ல் புத்தகம் போட்டார்கள். 1990-ல் வெனிஸில் அவர்களுக்குக் கிடைத்த பரிசு சிற்பத்துக்கானது.

இந்த முறையைத் தமிழ்நாட்டு மேல்நிலைத் தொட்டிகளில் செய்து பார்க்க ஆசை வராதவர் இருக்க முடியாது. பேருந்தில் போகும்போது எண்ணிப் பாருங்கள். நாலு கால் டேங்க், ஆறு கால் டேங்க், ஒற்றைத் தண்டில் காளான் மாதிரி நிற்பது, சுற்றுப்படி உள்ளது, இரும்பு ஏணி வைத்தது. மேலே ஊராட்சியின் பெயர், கொள்ளளவு, கட்டிய வருஷம். வரிசையாக மாட்டினால் நிச்சயம் அழகாக இருக்கும். பார்க்காத ஒன்றைப் பார்க்க வைப்பது பெரிய வேலை, பெஷர் தம்பதி அதைச் செய்தார்கள்.

அந்த வரிசையில் வேங்கைவயல் தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் மக்கள் குடித்துக்கொண்டிருந்த தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. செய்திகளில் அந்தத் தொட்டியின் படம் திரும்பத் திரும்ப வந்தது. மெல்லிய தூண்கள், மேலே ஒரு பெட்டி, ஏணி. வடிவத்தில் பக்கத்து ஊர்த் தொட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெஷர் தம்பதியின் கண்ணுக்கு அது இன்னொரு தொட்டி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த தமிழ் வாசகர் யாருக்கும் அது இன்னொரு தொட்டியாகத் தெரியவில்லை.

பயன் என்பது வடிவத்துக்குள் இருக்கும் குணம் என்று நினைத்துக்கொண்டால் ஆளில்லாத படமே போதும். பயன் என்றால் உடனே 'யாருக்கு?' என்று கேட்க வேண்டும். இந்தக் குழாய் எந்தத் தெருவரைக்கும் போகிறது, ஏணியில் யார் ஏறலாம், தொட்டியைக் கழுவுவது யார்? இந்தக் கேள்விகள் உள்ளே வராத வரை 'அன்றாட வாழ்வில் கான்கிரீட்' என்பதில் அன்றாடம் இருக்காது.

பொருளின் பூர்வீகமும் படத்தில் வருவதில்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள் ஏரி அளவுக்குக் கிடக்கின்றன. டைனோசர் காலத்தில் கடலாக இருந்த நிலம். அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும்தான் அந்தக் கல்லில் இருக்கின்றன. அதைச் சூளையில் 1,450 டிகிரி அளவுக்குக் காய்ச்சும்போது கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை தனி. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 8 சதவீதம் சிமெண்டுடையது. கூடவே ஆற்று மணல். காவிரியிலும் பாலாற்றிலும் எவ்வளவு போயிற்று என்று கரையில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். குழி ஒரு ஊரிலும் கட்டடம் இன்னொரு ஊரிலும் இருப்பதால் ஒரே சட்டகத்துக்குள் ரெண்டும் சிக்காது. அப்படியென்றால் ரெண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டியதுதான். வரிசையாக மாட்டுவதை பெஷர் தம்பதியிடம்தான் கற்றுக்கொண்டோமே.

அப்போ எதை எடுப்பது என்று கேட்டால், எனக்குச் சில பதில்கள் உண்டு.

தளம் போட்ட மறுநாளை எடுக்கலாம். முதல் நாள் எல்லோரும் எடுப்பார்கள்: கலவை மிஷின் சத்தம், கைமாறிப் போகும் பாண்டு, வேலை முடிந்து போடும் சாப்பாடு. மறுநாள் யாரும் இருக்க மாட்டார்கள். தளத்தின்மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு வைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும், காயவிட்டால் வெடிக்கும். அதற்காகச் செய்கிற வேலை. ஆனால் அந்த மொட்டை மாடி கொஞ்ச நாளைக்கு நாற்று விடாத வயல் மாதிரி கிடக்கும், கட்டம் கட்டமாக வானத்தை வைத்துக்கொண்டு. பாத்தி என்ற சொல்லையே வயலிலிருந்துதான் எடுத்துப் போனார்கள். இங்கே அழகைத் தனியாகவும் பயனைத் தனியாகவும் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

கிணற்று உறையில் கயிறு அறுத்த பள்ளத்தை எடுக்கலாம். துவைத்துத் துவைத்து வழவழப்பான படித்துறையை, வடாம் காயும் மாடியை, கைப்பிடிச் சுவரில் கரிக்கட்டையால் போட்ட ஸ்டம்பை எடுக்கலாம். ஹெர்வேயின் சுவரில் பலகை பதிந்திருந்தது. இவற்றில் பதிந்திருப்பது ஆட்கள், அவர்களின் ஆண்டுகள். சாரம் பிரித்த அன்றைக்குக் கேமராவை மூடி வைத்துவிடாதவர்களுக்கே இது கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம்மூர் மாடிகளில் தூணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் கம்பிகள். அடுத்த மாடி எடுக்க விட்டவை. கட்டடக்கலைப் புகைப்படக்காரர்கள் கணினியில் அழித்துவிடுகிற அசிங்கம் அது. மகன் கல்யாணத்துக்குள், லோன் முடிந்ததும், சவுதியிலிருந்து பணம் வந்ததும் எடுக்கப் போகிற மாடி. சில வீடுகளில் துருப்பிடித்து இருபது வருஷமாக நிற்கிறது, முனையில் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலோடு, துணி காயப்போடும் கொடி கட்டுவதற்கு உதவிக்கொண்டு. அந்தக் கம்பியை அழிக்காமல் ஒரு படம் எடுங்கள். வீட்டுக்காரரிடம் காட்டினால் எந்த மாடி, எப்போது, ஏன் நின்றது என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.